ஆர்க்கிட் தொட்டியில் எதை நிரப்புவது?

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. பெரம்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வசிக்கிறேன். கிழக்குப் பார்த்த பால்கனியில் ஊதா நிற டென்ட்ரோபியம் ஆர்க்கிட் ஒன்று வைத்திருக்கிறேன். வாங்கியபோது அது சிறிய பிளாஸ்டிக் கூடையில் கரியும் தேங்காய் மட்டைத் துண்டுமாக இருந்தது. இரண்டு முறை நன்றாகப் பூத்தது. இதில் சத்து ஏது என்று எண்ணி, சென்ற ஆண்டு பெரிய மண்தொட்டிக்கு மாற்றி, செம்மண், மண்புழு உரம், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினேன். இப்போது இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன, தண்டுகள் சுருங்கிவிட்டன, வேர்கள் தொட்டிக்குள் போகாமல் வெளியே தொங்குகின்றன. மகள் பிறந்தநாளுக்குக் கொடுத்த ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் ஒன்றும் இருக்கிறது. அது பஞ்சு போன்ற பாசியில் வந்தது. கடைகளில் 'ஆர்க்கிட் மிக்ஸ்' என்று பலவகைப் பொட்டலங்கள் விற்கிறார்கள். எதை வாங்குவது? ஆடி மாதத்தில் தொட்டி மாற்றலாமா? வெளியே தொங்கும் வேர்களை உள்ளே தள்ளிப் புதைக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள அம்மா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் டென்ட்ரோபியம் பிழைத்துக்கொள்ளும். நீங்கள் கவலைப்படும் அந்த வெளிவேர்கள்தான் இத்தனை மாதங்களாக அதை உயிரோடு வைத்திருக்கின்றன. தொட்டிக்குள் இருந்த வேர்கள் அழுகத் தொடங்கியதும், செடி தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டு காற்றில் வேர் விட்டிருக்கிறது. தண்டு சுருங்குவதைக் கண்டால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு குவளை ஊற்றத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் உறிஞ்சுவதற்கு உயிருள்ள வேர் இல்லாதபோது, ஈரக் கலவைக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும். ஊற்றிய ஒவ்வொரு குவளையும் மிச்சமிருந்த வேர்களையும் அழுக வைத்திருக்கும்.

மல்லிகையும் செம்பருத்தியும் வளர்த்துப் பழகிய கை, தொட்டி என்றால் மண், மண் என்றால் எரு என்றுதான் போகும். அதில் உங்கள் மேல் குறையில்லை. நீங்கள் வைத்திருக்கும் செடி மண்ணில் பிறந்த செடி அல்ல என்பதுதான் சிக்கல். இந்த ஊதா டென்ட்ரோபியங்களின் முன்னோர்கள் வட ஆஸ்திரேலியா, நியூகினி பகுதிகளில் மரக்கிளைகளிலும் பாறைகளிலும் ஒட்டி வளர்ந்தவை. அவ்வளவு தொலைவு போவானேன், நம் தமிழ்நாட்டுச் சமவெளியிலேயே மா, புளி முதலிய மரங்களில் வாண்டா டெஸ்ஸலாட்டா என்ற நாட்டு ஆர்க்கிட் தானாக வளர்கிறது. அதைப் புல்லுருவி என்று நினைத்துச் சிலர் அறுத்து எறிவதைப் பார்த்திருக்கிறேன். பாவம், அது மரத்திடம் உட்கார இடம் மட்டுமே கேட்கிறது, ஒரு சொட்டுச் சாற்றைக்கூட எடுப்பதில்லை. மழை பெய்தால் அதன் வேர் முழுவதும் நனைகிறது. மழை விட்டுக் காற்றடித்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. இந்த நனைதலும் காய்தலும் மாறி மாறி நடப்பதற்கேற்றபடிதான் அந்த வேரின் அமைப்பும் இருக்கிறது. வேரின் மேல் வெலமன் என்ற பஞ்சுறை ஒன்று உண்டு. அது உயிரற்ற செல்களால் ஆனது. காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிறைந்து வேர் வெள்ளியைப்போல் வெளுத்துத் தெரியும். தண்ணீர் பட்ட சில நொடிகளில் உறை நீரை இழுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியத் தொடங்கும். உங்கள் செடியின் வெளிவேர் ஒன்றின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நீங்களே பாருங்கள். அந்த உறை நாள்கணக்கில் நீரில் ஊறிக் கிடந்தால், வேருக்குக் காற்று கிடைக்காமல் போய், பூசணமும் பாக்டீரியாவும் உள்ளே நுழைந்துவிடும்.

ஆகவே ஆர்க்கிட் தொட்டியில் நாம் நிரப்புவது உணவு அல்ல. செடி சாயாமல் பிடித்துக்கொள்ளவும், வேருக்கு இவ்வளவு ஈரம், இவ்வளவு காற்று என்று அளந்து கொடுக்கவும்தான் அது இருக்கிறது. சத்தை நாம் தனியே தண்ணீரில் கரைத்துத் தருகிறோம்.

செம்மண்ணும் கோகோபீட்டும் ஏன் ஒத்துவராது என்பதற்கு, சமையலறையில் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை எடுத்து ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அதை முழுக்க நனைத்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் படுக்கை வாட்டில் பிடியுங்கள். சொட்டுவது நின்றபின், பிழியாமல், அப்படியே நிமிர்த்தி நெடுக்கு வாட்டில் பிடியுங்கள். நின்றுபோன தண்ணீர் மறுபடியும் வடியத் தொடங்கும். அதுவும் நின்றபிறகு அடி விளிம்பைத் தொட்டால் இன்னும் சொதசொதவென்றுதான் இருக்கும். நுண்ணிய துளைகள் உள்ள எந்தப் பொருளிலும், எவ்வளவு வடியவிட்டாலும், அடியில் ஓர் ஈரப் படலம் தங்கியே தீரும். துகள் பொடியாக ஆக ஆக அந்தப் படலத்தின் உயரம் கூடும். துகள் பெரிதாக இருந்தால் அது அநேகமாக இல்லாமலே போகும். உங்கள் தொட்டியின் கீழ்ப் பகுதி ஓராண்டாக இப்படித்தான் இருந்திருக்கிறது. அடியில் கொஞ்சம் ஓட்டுச் சில்லு போட்டுவிட்டால் வடிந்துவிடுமே என்று பலரும் கேட்பார்கள். பொடிக் கலவைக்கு அடியில் சில்லு போட்டால், ஈரப் படலம் சில்லின் மேல்மட்டத்துக்கு ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்காருமே தவிர, வடிந்து போகாது. தொட்டி முழுவதுமே சில்லாக இருக்க வேண்டும்.

இனி எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன். கடைக்குப் போகும் முன், நனைந்த தொட்டி உங்கள் பால்கனியில் எத்தனை மணி நேரத்தில் காய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். என் அனுபவத்தில் டென்ட்ரோபியத்துக்குக் காலையில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலைக்குள் பெரும்பாலும் உலர்ந்துவிட வேண்டும். ஃபலனாப்சிஸுக்கு இரண்டு, மூன்று நாள் வரை ஈரம் நிற்கலாம். தொட்டியில் நிரப்பும் பொருளை ஊடகம் என்போம். இந்தக் கணக்குக்குப் பொருந்துகிற எதுவும் நல்ல ஊடகம்தான். பொருந்தாதது எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் உதவாது. ஏற்காட்டில், 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் பாசிக்குள் செழித்து நிற்கும் செடியைப் பார்த்துவிட்டு வந்து, இரவிலும் 28 டிகிரிக்குக் குறையாத சென்னை மே மாதத்தில் அதே பாசியைக் கட்டி வைப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் வருகிறார்கள். வெப்பமும் தேங்கிய ஈரமும் சேர்ந்தால் அழுகல் மிக வேகமாகப் பரவும்.

நம் ஊருக்கு நான் முதலில் சொல்வது மரக்கரி. இதற்கென்று தனிக் கடை தேட வேண்டாம். விறகுத் தொட்டியிலும், தெருவோரம் இஸ்திரி போடுபவர் வாங்கும் இடத்திலும் கிடைக்கும் அதே கரிதான். நமக்கு வருவது பெரும்பாலும் தென்மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தைச் சுட்டு எடுத்தது. கெட்டியானது, ஆண்டுக்கணக்கில் மக்காது. தட்டினால் கணீரென்று ஒலிக்கும் துண்டுகளாகப் பார்த்து வாங்குங்கள். கபாப் சுடுவதற்கென்று ஒரே அச்சில் வார்த்து விற்கும் கரிக்கட்டிகள் வேண்டாம். அவற்றில் பசையும், சீக்கிரம் பற்றிக்கொள்வதற்கான ரசாயனமும் சேர்ந்திருக்கக்கூடும். கரியைக் கோணியில் போட்டுச் சுத்தியலால் உடைத்து, கட்டட வேலையில் முக்கால் இஞ்சு ஜல்லி என்பார்களே, அந்த அளவில் எடுத்துக்கொண்டு, பொடியைச் சல்லடையால் சலித்துத் தள்ளிவிட்டு, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். கரிக்கு ஒரே ஒரு குறை உண்டு: தண்ணீரில் உள்ள உப்பை அது மெல்ல மெல்லச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதற்கான பரிகாரத்தைத் தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

அடுத்தது ஓட்டுச் சில்லு. பழைய வீடு இடிக்கும் இடத்தில் மங்களூர் ஓடு கிடைத்தால் விடாதீர்கள். நன்றாக வெந்த ஓடு கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து மெதுவாக விடும். தொட்டிக்குக் கனமும் தரும். மூன்றாவது மாடிக் காற்றில் தொட்டி சாயாமல் நிற்க அந்தக் கனம் தேவை. சிமென்ட் ஒட்டிய துண்டுகளைத் தள்ளிவிடுங்கள். அதிலுள்ள சுண்ணாம்பு வேருக்கு ஆகாது. சரியாக வேகாத செங்கல் ஆறு மாதத்தில் சேறாகிவிடும்.

தேங்காய் மட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அதில் நானே கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வியாபாரியிடம் மூட்டையாக வாங்கிய மட்டைத் துண்டுகளை, கழுவிய சரக்கு என்று அவர் சொன்னதை நம்பி, ஒரே ஒரு முறை அலசிவிட்டு நாற்பது தொட்டிகளில் நிரப்பினேன். மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தபோது, புதிதாக வந்த பச்சை வேர்நுனிகள் எல்லாம் ஊதுபத்தி நுனி கருகியதுபோல் கறுத்து நின்றன. மட்டைக்குள் இயல்பாகவே சோடியம், பொட்டாசியம், குளோரைடு உப்புகள் இருக்கின்றன. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டையாக இருந்தால் இன்னும் கூடுதலாக இருக்கும். இளம் வேர் அந்த உப்பைத் தாங்காது. அன்றிலிருந்து, முற்றிக் காய்ந்த மட்டையை மட்டுமே வாங்கி, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, வாளியில் அமிழும்படி கல்லை வைத்து ஊறப்போடுகிறேன். முதல் நாள் தண்ணீர் கடும் தேநீர் நிறத்தில் இறங்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் மாற்ற வேண்டும். தண்ணீர் நிறம் மாறாமல் நிற்கும்வரை, நான்கைந்து நாள் ஆனாலும், இப்படியே தொடர வேண்டும். உரக்கடையில் கால்சியம் நைட்ரேட் கிடைத்தால், லிட்டருக்கு 5 கிராம் கரைத்து அதில் ஒருநாள் ஊறவைத்துப் பின் அலசுங்கள். மட்டையில் ஒட்டியிருக்கும் சோடியத்தைக் கால்சியம் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தெருமுனையில் குவிந்து கிடக்கும் இளநீர் மட்டை இதற்கு உதவாது. அது பச்சை, சீக்கிரம் அழுகிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பைன் மரப்பட்டை நல்ல பொருள். ஆனால் நம் வெப்பத்தில் ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மக்கிப் பொடியாகிவிடும், மக்கும்போது உரத்திலுள்ள நைட்ரஜனில் ஒரு பங்கை அங்கே பெருகும் நுண்ணுயிர்கள் தின்றுவிடும். சுட்ட களிமண் உருண்டைகள் பார்க்க அழகு. போர் தண்ணீர் ஊற்றும் வீட்டில் சில மாதங்களிலேயே வெள்ளை பூத்து நிற்கும். தெர்மோகோல் துண்டு இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். 'ஆர்க்கிட் மிக்ஸ்' பொட்டலத்தைப் பொறுத்தவரை, வாங்கும் முன் அதைக் குலுக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள்; அங்கே ஒரு விரற்கடைக்குத் தூள் இறங்கியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கோகோபீட்டும் பெர்லைட்டும் கலந்து அழகான பையில் வருவது நாற்று விடுவதற்கு ஆகும், இதற்கு ஆகாது.

உங்கள் டென்ட்ரோபியத்துக்கு நான் எழுதித் தரும் கலவை: கரி மூன்று பங்கு, ஓட்டுச் சில்லு இரண்டு பங்கு, மட்டைத் துண்டு ஒரு பங்கு. நீங்கள் பணி ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர், தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுவீர்கள் என்பதால் மட்டையைக் குறைத்திருக்கிறேன். மகள் வீட்டுக்கு அடிக்கடி நான்கைந்து நாள் போய்வருபவர் என்றால் மட்டையை இரண்டு பங்காக்கி, ஓட்டை ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். செடியை மட்டும் பார்த்து ஊடகத்தை முடிவு செய்ய முடியாது. தண்ணீர் ஊற்றும் கையையும் பார்த்தாக வேண்டும். கை ஓயாமல் ஊற்றிக்கொண்டே இருப்பவருக்கு வெறும் கரியும் ஓடும்தான் கொடுப்பேன்.

ஆடியில் மாற்றலாமா என்றால், தாராளமாக மாற்றலாம். விதைப்புக்குச் சொல்லும் ஆடிப்பட்டம் நம் பால்கனிக்கும் ஏறக்குறையப் பொருந்துகிறது. கத்திரி வெயில் முடிந்து வெப்பம் தணிந்திருக்கும். மாலையில் அவ்வப்போது இடிமழை வந்து காற்றில் ஈரம் ஏறியிருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்குவதற்குள் புதுவேர் பிடித்துக்கொள்ள மூன்று மாதம் இருக்கிறது. அடைமழைக் காலத்தில் மட்டும் தொட்டி மாற்றாதீர்கள். வெட்டுக்காயம் ஆறும் முன் அழுகல் பிடித்துவிடும். நாள்காட்டியைவிட நம்பத்தக்க அடையாளத்தைச் செடியே காட்டும்: அடியில் புதுக் குருத்து கிளம்பி, அதன் கழுத்தில் பச்சை நிறக் குமிழ்போல் வேர்முனை எட்டிப் பார்க்கும் வாரம்தான் மாற்றுவதற்குச் சரியான வாரம். அந்த வேர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டுவிட்டால் கைபட்டு ஒடிந்துபோகும். பூத்திருக்கும் செடியைப் பொதுவாகப் பூ முடியும்வரை தொடமாட்டேன். உங்களுடையதில் வேர் அழுகியிருப்பதால் குருத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

எடுக்கும் விதத்தைச் சொல்கிறேன். தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் இருபது நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். மண் இளகும், வேரும் வளைந்து கொடுக்கும். பிறகு தண்டுகளின் அடியைப் பிடித்து மெல்ல அசைத்து எடுங்கள். வேர் தொட்டிச் சுவரோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் தொட்டியை உடைத்துவிடுங்கள். தொட்டி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீரைச் சன்னமாக விட்டு மண்ணைக் கழுவியபின், ஒவ்வொரு வேரையும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அது உயிருள்ள வேர். மண்ணின் கறை ஏறிப் பழுப்பாகத் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். உள்ளீடற்று நசுங்கி, உறை வழுக்கிக்கொண்டு கையோடு வந்து, நடுவில் நூல்போல் ஒரு கம்பி மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர். அதைக் கெட்டியான பகுதிவரை வெட்டிவிடுங்கள். கறையைப் பார்த்துப் பயந்து நல்ல வேரை வெட்டித் தள்ளுவதுதான் நான் அதிகம் காணும் தவறு.

வெட்டும் கத்தரியை முதலில் கேஸ் அடுப்புச் சுடரில் காட்டி, ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். அடுத்த செடிக்குப் போகும்போது மறுபடியும் காட்டுங்கள். சிம்பிடியம் மொசைக் போன்ற வைரஸ் நோய்கள் கத்தரியில் ஒட்டிய சாறு வழியாகவே ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகின்றன; வந்துவிட்டால் அவற்றுக்கு மருந்து கிடையாது. வெட்டிய முனையில் மட்டும் சமையலறைப் பட்டையைப் பொடித்துத் தொட்டு வையுங்கள். அது காயத்தை உலர்த்திப் பூசணத்தைத் தடுக்கும். நல்ல வேரின் மேல் தூவினால் அதையும் காயவைத்துவிடும். இலையுதிர்ந்த பழைய தண்டுகள் பச்சையாகவோ கெட்டியாகவோ இருந்தால் வெட்ட வேண்டாம். அவைதான் இப்போது செடியின் சேமிப்புக் கிடங்கு. சில சமயம் அவற்றிலிருந்தே பூங்கொத்தும் வரும். காகிதம்போல் காய்ந்து பொக்கையானவற்றை மட்டும் எடுத்துவிடுங்கள். இந்த நிலையில் செடியை இரண்டாகப் பிரிக்கும் ஆசையும் வேண்டாம்.

கழுவி வெட்டிய செடியை நிழலில் ஓர் இரவு கட்டித் தொங்கவிட்டு, மறுநாள் நடுங்கள். புதுத் தொட்டி எவ்வளவு சிறியது என்று பார்த்தால் உங்களுக்கே கூச்சமாக இருக்கும்: ஐந்தாறு தண்டுள்ள செடிக்கு ஐந்து அங்குலத் தொட்டி போதும். பக்கவாட்டிலும் துளையுள்ள மண்தொட்டியோ வலைக்கூடையோ நல்லது. டென்ட்ரோபியம் நெருக்கடியில்தான் நன்றாகப் பூக்கும். தொட்டி பெரிதானால் நடுப்பகுதி காயாமல் நிற்கும். பழைய தண்டுப் பக்கத்தைத் தொட்டி விளிம்போடு ஒட்டிவைத்து, புதுக் குருத்து வரும் பக்கத்துக்கு நடுவில் இடம் விடுங்கள். தண்டின் அடி கலவையின் மேல் உட்கார வேண்டும், உள்ளே புதையக் கூடாது. துண்டுகளை வேர்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக இறக்கி, தொட்டியைத் தரையில் மெல்லத் தட்டித் தட்டி அமர்த்துங்கள். கடைசியாக ஒரு மூங்கில் குச்சி நட்டு, பழைய வேட்டிக் கிழிசலால் தண்டுகளைக் கட்டிவிடுங்கள். இப்படிக் கட்டுவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் காற்றில் செடி ஆடினால், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதுவேரின் மெல்லிய நுனி கரியில் உராய்ந்து நின்றுபோகும்.

வெளியே தொங்கும் வேர்களை உள்ளே தள்ள வேண்டாம். காற்றில் பிறந்த வேரைத் திடீரென்று கலவைக்குள் அடைத்தால், அநேகமாக ஒடியும், ஒடியாவிட்டால் அழுகும். ஊறியபின் தானாக வளைந்து வருவதைக் கலவையின் மேற்பரப்பில் படியவிடலாம். வராததைத் தொங்கவே விட்டுவிட்டு, காலையில் தண்ணீர் தெளியுங்கள். இனிப் பிறக்கும் வேர்கள் உள்ளே போகும்.

நட்டபின் பத்து நாள் நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள்; அதன்பிறகு கிழக்குப் பால்கனியின் காலை வெயிலுக்கு 50 சதவீத நிழல் வலை போதும். மூன்று வாரம் உரம் வேண்டாம். அடித்தட்டில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். வேரும் கெடும், கொசுவும் வரும். ஈரம் பார்க்க, எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி ஒன்றைக் கலவைக்குள் செருகிவைத்து, மறுநாள் உருவி உள்ளங்கையில் தொட்டுப் பாருங்கள்; குளிர்ச்சியாகத் தெரிந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். சித்திரை, வைகாசியில் இந்தக் கலவைக்குக் காலை மாலை இரு வேளையும் ஊற்ற வேண்டியிருக்கும். ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் ஊற்றாமலும் இருக்க வேண்டியிருக்கும். தொடர்மழை நாட்களில் சாரல் படாத உள்பக்கத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

தண்ணீர்தான் நம் ஊரில் பெரிய தலைவலி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 200க்குக் கீழ் காட்டினால் நல்லது. 500ஐத் தாண்டும் போர் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால், எந்த ஊடகம் போட்டாலும் வேர்நுனி கருகும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியேற்றும் தண்ணீரை வீணாக்கக் கூடாதே என்று ஆர்க்கிட்டுக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. கழிந்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது என்பதால் அது கூடவே கூடாது. மொட்டை மாடியில் பிடித்த மழைநீரும், ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரும் நல்லவை. எதை ஊற்றினாலும், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல நான்கைந்து மடங்கு மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். கரி சேர்த்துவைத்த உப்பு அதில் கழன்று போகும். உரத்துக்கு, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 போதும்: வாரம் ஒருமுறை லிட்டருக்கு அரை கிராம், அதுவும் கலவை முதலில் வெறும் தண்ணீரில் நனைந்த பிறகு. சத்து என்று நீங்கள் தேடியது இதுதான்.

ஃபலனாப்சிஸ் வேறு சாதி. பூ முழுவதும் உதிரும்வரை அதை அப்படியே ரசியுங்கள். அதன் பின் பாசியைப் பிரித்துப் பாருங்கள். வெளியே தளர்வாகத் தெரிந்தாலும், நடுத்தண்டுக்கு நேர் கீழே, நாற்றுப் பருவத்தில் சுற்றிய இறுக்கமான பாசி உருண்டை ஒன்று பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அதைச் சிறு குச்சியால் நோண்டி முழுதாக எடுத்துவிட வேண்டும். அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு, ஒளி புகும் பிளாஸ்டிக் தொட்டியில் பக்கவாட்டுத் துளைகள் போட்டு, பைன் பட்டை இரண்டு பங்கு, கரி ஒரு பங்கு என்று நிரப்பி, மேலே மட்டும் ஒரு சிட்டிகை பாசி வைக்கலாம். வெயில் படாத, வெளிச்சம் நிறைந்த சன்னலோரம் அதற்குப் போதும். இலைகளின் நடுக்குழியில் தண்ணீர் நின்றால் துணி நுனியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். மறுபடி பூக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பூந்தண்டு விட அதற்குச் சில வாரங்கள் குளிர்ச்சி வேண்டும். பகலில் 28 டிகிரிக்கு மேலேயே நின்றால் பெரும்பாலும் இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். சென்னையில் மார்கழி, தை இரவுகளில்தான் வெப்பம் 20, 21 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. அந்த இரண்டு மாதமும் இரவில் சன்னலைத் திறந்துவைத்து முயன்று பார்க்கலாம். பூத்தால் மகிழ்ச்சி, பூக்காவிட்டால் அது உங்கள் கைக்குற்றம் அல்ல.

பழைய தொட்டியிலிருந்து கொட்டும் செம்மண் கலவையைத் தூக்கி எறிய வேண்டாம். கடுகுபோல் பழுப்பு உருண்டைகளோ வெள்ளை இழைகளோ அதில் தென்பட்டால் மட்டும் அப்புறப்படுத்திவிடுங்கள், அது பூசணம். இல்லையென்றால் மொட்டை மாடியில் ஒரு வாரம் பரப்பிக் காயவைத்து, கறிவேப்பிலைத் தொட்டியில் போடுங்கள்; அதற்கு அந்தக் கலவை மிகவும் பிடிக்கும்.